கலாநிதி பதியுதீன் மஹ்மூத்: புத்தகத்துக்குப் பக்கத்தில் வலையையும் வைத்த கல்வியமைச்சர்

ஜூன் மாதம் வந்தால் எமது ஊடகங்களில் மர்ஹூம் கலாநிதி அல்ஹாஜ் பதியுதீன் மஹ்மூத் அவர்களைப் பற்றி ஓரிரு கட்டுரைகளாவது வரும். அவர் பிறந்ததும் ஜூன் மாதத்தில்தான், மறைந்ததும் ஜூன் மாதத்தில்தான். முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள், மௌலவி ஆசிரியர்கள், முஸ்லிம் பாடசாலை என்ற தனி அடையாளம் ஆகியவற்றுக்காக எமது சமூகம் அவரை நன்றியோடு நினைக்கிறது. நினைக்கவும் வேண்டும். ஆனால் அவர் செய்த வேறொரு காரியம் இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடுகிறது. அதுதான் 1972ஆம் ஆண்டு பாடசாலைகளுக்கு வந்த தொழில்முன்னிலைப் பாடங்கள்.

அந்தப் பாடங்களைப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். திருகோணமலைத் துறைமுகத்தின் எதிர்க்கரையில், கொட்டியாரக் குடாவைப் பார்த்துக் கிடக்கும் கிண்ணியாவில் பிறந்து, 1973இல் ஆறாம் தரத்துக்குப் போனேன். பின்னர் ஆசிரியராகி, இதே மாவட்டத்தில் பல பாடசாலைகளில் கற்பித்து ஓய்வு பெற்றேன். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைகளின் பெற்றோர் இன்றும் என்னிடம் வந்து, இனி இவனை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நாட்டின் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் பதியுதீன் மஹ்மூத். அதனால்தான் அவருடைய வாழ்க்கையை இந்தப் பக்கத்திலிருந்து எழுத விரும்புகிறேன்.

அவர் 1904ஆம் ஆண்டு தென்னிலங்கையின் மாத்தறையில் பிறந்தவர். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் படித்தார். ஸாஹிராவின் வரலாற்றில் நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. 1892இல் அக்கல்லூரி உருவானபோது, அறிஞர் சித்திலெப்பையின் சிந்தனைக்குக் கைகொடுத்து நின்றவர் வாப்பிச்சி மரைக்கார். அவர் பட்டதாரியல்லர், கட்டட நிர்மாணத்தில் தேர்ந்த மேஸ்திரி. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அவரே. கையால் உழைத்துச் சம்பாதித்த ஒரு மனிதரின் பணமும் உழைப்பும் சேர்ந்துதான் எமது சமூகத்தின் முதற் பெரிய கல்லூரி எழுந்தது. பிறகு அதே சமூகம் கைத்தொழிலைப் படிக்காதவனுக்குரியது என்று நினைக்கத் தொடங்கியதை என்னவென்று சொல்வது!

ஸாஹிராவிலிருந்து பதியுதீன் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1857இன் பின் இந்திய முஸ்லிம்கள் ஒடுங்கிப் போயிருந்த காலத்தில், நவீன விஞ்ஞானத்தைக் கற்காமல் எழும்ப முடியாது என்று சொல்லி, சேர் ஸெய்யித் அஹ்மத் கான் 1875இல் தொடங்கிய கல்லூரிதான் 1920இல் அந்தப் பல்கலைக்கழகமானது. சமூகத்தின் தாழ்வுக்கு மருந்து கல்விதான் என்ற எண்ணமும், சுதந்திரப் போராட்டத்தின் அரசியற் சூடும் ஒன்றாகக் கலந்திருந்த இடம் அது. நாடு திரும்பிய பதியுதீனிடம் இரண்டுமே இருந்தன.

ரி.பி. ஜாயா அவர்கள் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தபோது, வெளியூர்களிலும் ஸாஹிராவின் கிளைகளைத் திறந்தார். அவற்றுள் ஒன்று கம்பளை ஸாஹிரா. அதன் அதிபராகப் பதியுதீன் மஹ்மூத் நீண்ட காலம் பணியாற்றினார். மலையகத்தின் நடுவே, தோட்டங்களும் சிறு கடைகளும் சூழ்ந்த ஒரு நகரம் அது. அங்கே கற்பித்த ஒருவருக்கு, எத்தனை பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கடைசி வரை போகிறார்கள் என்பது புள்ளிவிபரம் பார்க்காமலே விளங்கியிருக்கும். அமைச்சராகும் முன் அவர் ஓர் அதிபர் என்பதை நாம் மறக்கக்கூடாது.

1951இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தபோது, அதன் ஸ்தாபகர்களுள் ஒருவராக நின்றார். எமது சமூகத்தின் பெரிய தலைவர்களும் வர்த்தகப் பிரமுகர்களும் பெரும்பாலும் ஐக்கிய தேசியக் கட்சியோடு இருந்த காலம் அது. பின்னர் இஸ்லாமிய சோஷலிச முன்னணியை அமைத்து, முஸ்லிம் மக்களிடையே தனது அரசியலைக் கொண்டு சென்றார். 1960 ஜூலைத் தேர்தலில் வென்ற சிறிமாவோ பண்டாரநாயக்க, கல்வியமைச்சை அவரிடம் ஒப்படைத்தார்.

அவருடைய முதலாவது பதவிக் காலத்தில் நடந்த பெரிய காரியம் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம், அரசாங்க உதவி பெற்றுவந்த மதச் சபைகளின் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரச பாடசாலைகளாயின. கத்தோலிக்க மக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகளின் கல்வி எந்த மதத்தார் எந்த ஊரில் பாடசாலை கட்டினார்கள் என்பதில் தங்கியிருக்கக் கூடாது என்பது ஆதரித்தவர்களின் நியாயம். தலைமுறைகளாகக் கட்டி வளர்த்ததை ஒரு சட்டத்தால் எடுத்துக்கொள்ளலாமா என்பது எதிர்த்தவர்களின் நியாயம். எது எப்படியானாலும், கிண்ணியா, மூதூர் போன்ற ஊர்களில் மதச் சபைகளின் பெரிய கல்லூரிகள் இருக்கவில்லை. அரசாங்கம் தந்ததுதான் எமக்குப் பாடசாலை. ஆகவே நாடு முழுவதையும் ஒரே கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்த அந்த முடிவு எம்மைப் போன்றவர்களுக்கு நன்மையாகவே முடிந்தது என்பது என் கருத்து. 1963இல் அவர் சுகாதார அமைச்சுக்கு மாறினார். 1965இல் ஆட்சியும் மாறியது.

1970 மே மாதம் ஐக்கிய முன்னணி பெரும் வெற்றி பெற்றபோது மீண்டும் கல்வியமைச்சரானார். ஓராண்டுக்குள் நாடு அதிர்ந்தது. 1971 ஏப்ரலில் ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் பெரும்பாலும் பாடசாலை போனவர்கள். இலவசக் கல்வியால் படித்து, சான்றிதழ் வாங்கி, வேலையின்றி வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள். அதே ஆண்டில் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் சார்பில் பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த குழு, இலங்கையின் வேலையில்லாப் பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வேலை குறைவு என்பதோடு, பாடசாலை வளர்த்துவிட்ட எதிர்பார்ப்பும் நாட்டில் கிடைக்கும் வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே அதன் சாரம். எல்லாப் பாடசாலையும் எழுதுவினைஞரைத்தான் உருவாக்கியது. நாட்டில் அத்தனை எழுதுவினைஞர் கதிரைகள் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயுமல்ல. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தந்த அறிக்கையிலேயே, செயன்முறைக் கல்விக்கென ஒரு வகைப் பாடசாலை முன்மொழியப்பட்டிருந்தது. இலவசக் கல்வி வந்தது, மத்திய கல்லூரிகள் வந்தன. செயன்முறைப் பக்கம் மட்டும் பின்தங்கிவிட்டது. காரணம் எளிது. தன் பிள்ளையைச் செயன்முறைப் பாடசாலைக்கு அனுப்ப எந்தப் பெற்றோரும் விரும்பவில்லை. மற்றவனின் பிள்ளை தச்சனாகட்டும், என் பிள்ளை துரையாகட்டும் என்பதுதான் நாட்டின் மனநிலை.

பதியுதீன் மஹ்மூத்தின் அமைச்சு இந்த இடத்தில்தான் வேறு வழியை எடுத்தது. கைவேலைக்கென்று தனிப் பாடசாலை வைத்தால் அது ஏழைப் பிள்ளைகளின் பாடசாலையாகிவிடும். ஆகவே எல்லாப் பாடசாலைகளிலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. 1972இன் சீர்திருத்தப்படி பாடசாலைக்குச் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாயிற்று. ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம். பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று பிரியாமல் ஒருங்கிணைந்த விஞ்ஞானம். வரலாறும் புவியியலும் குடியியலும் சேர்ந்து சமூகக் கல்வி. இவற்றோடு இரண்டு தொழில்முன்னிலைப் பாடங்கள். ஒன்பதாம் தர முடிவில் பழைய சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை. முதலாவது பரீட்சை 1975இல் நடந்தது. பத்துப் பாடங்களும் கட்டாயம். அதாவது, கணிதத்தைப் போலவே தொழில்முன்னிலையும் பரீட்சைப் பாடம்.

அந்தப் பாடத்தின் அழகு, அது எல்லா ஊருக்கும் ஒன்றாக இல்லாமல் இருந்ததுதான். பாடசாலையைச் சுற்றி மக்கள் என்ன தொழில் செய்கிறார்களோ அதை எடுத்துப் படிக்கலாம். விவசாயம், மீன்பிடி, மட்பாண்டம், நெசவு, தச்சு, உலோக வேலை, மனையியல் என்று பட்டியல் நீண்டது. எட்டாம் தரத்திலேயே பிள்ளையைத் தொழிலாளியாக்குவது நோக்கமல்ல. ஒரு தொழிலுக்குள் இருக்கும் அறிவை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, படிப்புக்கும் ஊருக்கும் இடையில் இருந்த சுவரை உடைப்பதுதான் நோக்கம்.

எங்கள் பாடசாலையில் மீன்பிடியை எடுத்தார்கள். வேறு எதை எடுப்பது? ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் குடா, பின்னால் களப்பு. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, கப்பற்பட்டறையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவும் வேறு வழி தேடவேண்டியிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கடல் ஒன்றுதான் மூடப்படாத தொழிற்சாலை.

அந்த வகுப்பில் என்ன படித்தோம் என்று இன்றைய பெற்றோர் கேட்டால் இப்படிச் சொல்வேன். வலைக் கண் பின்னுவதற்கு ஒரு மரக்கட்டை வேண்டும். கட்டையின் அகலம் ஓர் அங்குலம் என்றால், பின்னிய கண்ணை இழுத்துப் பிடிக்கும்போது இரண்டு அங்குலம் வரும். எந்தக் கண்ணில் எந்த மீன் கழுத்து மாட்டும், எந்த மீன் நழுவிப் போகும், நழுவவிட வேண்டிய குஞ்சு எது என்பதெல்லாம் அந்தக் கட்டையின் அகலத்தில் இருக்கிறது. பின்னிய வலையை அப்படியே கயிற்றில் கட்டினால் மீன் படாது. நீளத்தை அரைவாசியாகச் சுருக்கிக் கட்டினால், ஓர் அங்குலப் பக்கமுள்ள கண், அகலம் ஓர் அங்குலமாகவும் உயரம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலமாகவும் திறந்து நிற்கும். ஏன் ஒன்றே முக்கால் என்பதற்கு விடை பைதகரசின் தேற்றத்தில் இருக்கிறது. கணித வகுப்பில் அர்த்தம் தெரியாமல் மனனம் செய்த அந்தத் தேற்றம் எனக்குப் புரிந்தது வலையில்தான்.

அது மட்டுமல்ல. கரைவலைக்குப் போகும் ஆட்களைக் கணக்கெடுத்து, பங்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்டெழுதி, வரவு செலவு போட்டுப் பார்த்தோம். வலைக்காரனுக்கு எவ்வளவு, இழுத்தவனுக்கு எவ்வளவு, முற்பணம் தந்த முதலாளி எவ்வளவு கழிக்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதியபோது, கடற்கரையில் ஏன் எப்போதும் கடன் இருக்கிறது என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கியது. வாடைக் காலத்தில் எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்க, மீனவர் கரையில் இருப்பார்கள். கச்சான் காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்க, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து சிங்கள, கத்தோலிக்க மீனவர்கள் இங்கே வந்து வாடி போடுவார்கள். பருவக்காற்றைப் பற்றிய புவியியற் பாடமும், பிற இனத்தாரோடு கடலைப் பங்கிட்டு வாழும் சமூகக் கல்வியும் அதற்குள் அடங்கிவிட்டன.

என் தங்கச்சி படித்தது பன்பாய் இழைத்தல். உம்மாவும் மூத்தம்மாவும் செய்துவந்த வேலைதான். சாயம் காய்ச்சும் அளவும், கோலம் போடும் எண்ணிக்கையும், ஒரு பாய்க்கு எத்தனை மணித்தியாலம் போகிறது, வியாபாரி தரும் விலையில் ஒரு மணித்தியாலத்துக்கு என்ன விழுகிறது என்ற கணக்கும் அதில் சேர்ந்தன. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை அந்தக் கணக்குத்தான் முதன்முதலில் எங்கள் வீட்டில் சொன்னது.

இவ்வளவு நல்ல பாடம் ஏன் நிலைக்கவில்லை? இதை மறைக்காமல் பேச வேண்டும். நாட்டின் எல்லாப் பாடசாலைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். அதைக் கற்பிக்கப் பயின்ற ஆசிரியர்கள் போதியளவு இருக்கவில்லை. கடலில் கால் நனைத்திராத ஆசிரியர் ஒருவர் மீன்பிடிப் பாடத்தைக் கரும்பலகையில் குறிப்பாக எழுதிப்போட, கடலிலேயே வளர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்தெழுதிய வேடிக்கை பல இடங்களில் நடந்தது. ஊரில் தேர்ந்த கைகாரர்களை அழைத்துக் கற்பிக்க இடம் இருந்தும், அவர்களுக்குக் கொடுப்பனவும் மரியாதையும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். பிள்ளைகளின் பாடத்துக்கு நூலும் ஆணியும் எங்கிருந்து வரும்? வீட்டில் கிழிந்த வலையைக் கொண்டுபோய்த்தான் நாங்கள் படித்தோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பெற்றோரின் மனம். என் வாப்பா கடற்றொழிலாளி. வலை பின்னுவதற்குப் பாடசாலை எதற்கு, அதை நானே சொல்லித்தர மாட்டேனா என்பது அவருடைய வாதம். கடலில் இருந்து உன்னைக் கரையேற்றத்தானே படிக்க அனுப்பினேன், அங்கேயும் வலையைத் தந்தால் எப்படி என்று அவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. கொழும்பின் பெரிய கல்லூரிப் பிள்ளைகள் பாடத்தைப் பெயருக்குச் செய்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தயாராவார்கள், எங்கள் பிள்ளைகள் மட்டும் மெய்யாகவே மீனவராகவும் கமக்காரராகவும் நின்றுவிடுவார்கள் என்ற பயம் கிராமங்களில் பரவலாக இருந்தது. சமத்துவத்துக்காக வந்த பாடம், சமத்துவமில்லாத நாட்டில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது.

அவருடைய காலத்தைப் பேசும்போது தரப்படுத்தலை விட்டுவிட்டுப் போக முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு, தமிழ்மொழி மூல மாணவர் சிங்களமொழி மூல மாணவரைவிடக் கூடிய புள்ளி பெறவேண்டிய நிலை வந்தது. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனதில் அது ஏற்படுத்திய காயம் இந்த நாட்டின் வரலாற்றையே திருப்பியது. தமிழ்மொழியில் படித்த முஸ்லிம் மாணவரும் அந்த மொழிவாரி வெட்டுப்புள்ளியின் கீழ்தான் இருந்தார்கள் என்பதை எமது மேடைகளில் யாரும் சொல்வதில்லை. மாவட்டக் கோட்டா திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு கதவைத் திறந்தது உண்மை. அந்தக் கதவு வேறொருவரின் முகத்தில் அடித்துச் சாத்தப்பட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் மறைந்த ஒரு மனிதருக்கும், எமது அயலவர்களுக்கும் நாம் செய்யும் நீதி.

1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்தத் தேர்தலில் மட்டக்களப்பில் போட்டியிட்ட பதியுதீன் மஹ்மூத் தோல்வியடைந்தார். அத்தனை ஆசிரியர் நியமனம் வழங்கிய கிழக்கு மண் அவரைப் பாராளுமன்றம் அனுப்பவில்லை. தேசிய பொதுக் கல்விச் சான்றிதழும் தொழில்முன்னிலைப் பாடமும் கைவிடப்பட்டன. பழைய சாதாரண தரம் திரும்பி வந்தது. ஊரில் பலர் மகிழ்ந்தார்கள். என் வாப்பாவும் அவர்களில் ஒருவர்.

ஒரு பாடத்திட்டம் வேர் பிடிக்க ஐந்தாண்டு போதாது. ஆறாம் தரத்தில் தொடங்கி ஒன்பதில் முடித்த அணிகள் மூன்று நான்கு வருவதற்குள் அது பிடுங்கப்பட்டது. குறைகளைத் திருத்தியிருக்கலாம், ஆசிரியர்களைப் பயிற்றியிருக்கலாம். செய்தவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதால் செய்தது முழுவதையும் துடைத்துவிடும் வழக்கம் எமது நாட்டின் பழைய நோய்.

அதன் பிறகு நாடு அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதிச் சீர்திருத்தத்தில் வாழ்க்கைத் தேர்ச்சி வந்தது. பின்னர் செயன்முறை மற்றும் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடம் வந்தது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. 2017இல், சாதாரண தரப் பெறுபேறு எதுவாயினும் பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையில் இருந்து தொழிற்பாடம் படிக்கலாம் என்ற திட்டம் வந்தது. பெயர்கள் மாறுகின்றன. 1972இல் வைக்கப்பட்ட எண்ணம் ஒன்றுதான்.

பதியுதீன் மஹ்மூத் தமது கடைசிக் காலத்தில் இவற்றில் சிலவற்றின் பேச்சையாவது கேட்டிருப்பார். 1997 ஜூன் மாதம், தொண்ணூற்று மூன்று வயதை நெருங்கிய வேளையில் காலமானார். அப்போது எங்கள் மாவட்டம் போருக்குள் இருந்தது. கடலுக்குப் போகப் பாஸ், இருட்டினால் தடை. பிறகு 2004இல் சுனாமி. 2006இல் மூதூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய கொடுமை. இந்த அழிவுகளுக்குப் பின் ஒவ்வொரு தடவையும் ஊரை மீண்டும் எழுப்பியவர்கள் மேசன்களும் தச்சர்களும் மெக்கானிக்குகளும் வள்ளம் பழுதுபார்ப்பவர்களும்தான். தகரக் கொட்டிலில் இருந்த எங்களுக்குச் சான்றிதழ் கூரை போடவில்லை.

இன்றைய நிலை என்ன? துறைமுகம் இருக்கிறது. சீனக்குடாவில் மாவாலையும் எண்ணெய்த் தாங்கிகளும், அருகில் சீமெந்து ஆலையும் இருக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, துறையடியில் பாதைக்குக் காத்திருக்காமல் சில நிமிடத்தில் அக்கரை போகலாம். ஆனால் அந்த ஆலைகளில் வெல்டராகவோ மின்னியலாளராகவோ இயந்திரத் திருத்துநராகவோ போகும் தகுதியோடு எமது பிள்ளைகள் எத்தனை பேர் பாடசாலையை விட்டு வெளியேறுகிறார்கள்? பாலம் வந்துவிட்டது, அதைக் கடந்து போய் நீட்டுவதற்குக் கையில் ஒரு தொழில் இல்லை. மத்திய கிழக்குக்குப் போகும் எமது இளைஞர்களில் பலர் பயிற்சியற்ற தொழிலாளியாகப் போவதால், அதே வெயிலில் அதே நேரம் வேலை செய்து, பயிற்சி பெற்றவனைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து எமது ஊர்ப் பிள்ளைகள் பலியானார்கள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்துக்குரியது. நான் கேட்பது வேறு. நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில், ஒரு மிதவை எவ்வளவு பாரம் தாங்கும், எல்லோரும் ஒரு பக்கம் நின்றால் என்னாகும், தண்ணீரில் விழுந்தால் எப்படி மிதப்பது என்பவை எந்த வகுப்பில் கற்பிக்கப்படுகின்றன? ஆர்க்கிமிடிசின் விதியைப் பரீட்சைக்கு எழுதும் பிள்ளைக்கு, தான் ஏறும் பாதையைப் பார்த்து இது ஆபத்து என்று சொல்லத் தெரியவேண்டும். சுற்றாடலிலிருந்து பாடத்தை எடு என்று 1972இல் சொன்னதன் பெறுமதி எனக்கு அன்றுதான் முழுதாக உறைத்தது.

ஆகவே எமது சமூகத்திடம், குறிப்பாகப் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் சில காரியங்களைக் கேட்கிறேன். ஒன்று, பதின்மூன்று ஆண்டுத் திட்டமும் திருகோணமலைத் தொழினுட்பக் கல்லூரியின் பாடநெறிகளும் பற்றிச் சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரமே பெற்றோரைக் கூட்டி விளக்குங்கள். பிள்ளை வீட்டில் ஆறு மாதம் சும்மா இருந்த பிறகு சொல்லிப் பயனில்லை. இரண்டு, ஊரில் இருபது ஆண்டு அனுபவமுள்ள மேசனுக்கும் என்ஜின் மெக்கானிக்குக்கும், அவர்களின் முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பவும் கோவை தயாரிக்கவும் படித்த இளைஞர்கள் உதவலாம். மூன்று, அந்தக் கைகாரர்களைப் பாடசாலைக்கு அழையுங்கள். மாதம் இருமுறை ஒரு வகுப்பு. அவர்களுக்கு ஆசிரியருக்குரிய கதிரையும் மரியாதையும் கொடுங்கள். நான்கு, பரிசளிப்பு விழாவில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் பக்கத்தில், நல்ல வெல்டராக வந்த பிள்ளையையும் மேடையேற்றுங்கள். அதற்கு எந்த அமைச்சரின் கையொப்பமும் தேவையில்லை.

தொழில்முன்னிலைப் பாடம் தோற்றது பாடத்திட்டத்தால் மட்டுமல்ல. கையால் உழைப்பவனை நாம் தாழ்வாகப் பார்த்ததாலும் தோற்றது. தாவூத் நபி இரும்பை வளைத்துக் கவசம் செய்தார்கள், ஸகரிய்யா நபி தச்சுத் தொழில் செய்தார்கள் என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டும் நாம், பெண் கேட்டு வருபவன் தச்சன் என்றால் யோசிக்கிறோம். இந்தப் பார்வை மாறாதவரை எத்தனை சீர்திருத்தம் வந்தாலும் அது எமது வாசலில் நின்றுவிடும்.

பதியுதீன் மஹ்மூத் குறையற்ற மனிதரல்லர். அவருடைய முடிவுகளில் சில இன்றும் விவாதத்துக்குரியவை. ஆனால் நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் கையிலும், பணக்காரன் ஏழை என்று பாராமல், புத்தகத்தோடு ஒரு தொழிற்கருவியையும் கொடுக்கத் துணிந்தவர் அவர். அவர் தந்த ஆசிரியர் நியமனங்களுக்கு நாம் நன்றி சொல்லிவிட்டோம். அவர் தொடங்கி முடிக்க முடியாமற்போன இந்தக் காரியத்தை, எமது ஊர் அளவிலாவது கையிலெடுத்துச் செய்வதுதான் அடுத்த நன்றி.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளை மன்னித்து, நற்பணிகளை ஏற்று, ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.